அலுவிகாரையும் ஆடைத் தொழிற்சாலையும்: மாத்தளை மாவட்டத்தில் இருவகை உடுப்பின் வரலாறு

ஒரு கலைஞரின் பெயரால் அறியப்பட்டு, சிறு எண்ணிக்கையில் கைவேலையாக உருவாகும் உடுப்பு வடிவமைப்பாளர் ஆடை எனப்படும். தொழிற்சாலையில் ஒரே அளவுத்திட்டப்படி ஆயிரக்கணக்கில் தைக்கப்பட்டுக் கடைத்தெருவுக்கு வருவது ஆயத்த ஆடை. இவை இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், மாத்தளை மாவட்டத்தில் இரண்டுமே 1960கள் முதலான அரச பொருளாதாரக் கொள்கைகளின் விளைவாக, பெரும்பாலும் கிராமப்புறப் பெண்களின் உழைப்பால் வளர்ந்தவையாகும்.

இலங்கையில் பத்திக் எனும் மெழுகுச் சாயக் கலைக்குப் புத்துயிர் அளித்தவர்களுள் முதன்மையானவர் ஏனா டி சில்வா (1922–2015). இலங்கையர்களுள் முதலாவதாகப் பொலிஸ் மா அதிபர் பதவி வகித்த சேர் ரிச்சர்ட் அலுவிகாரையின் மகளான இவர், 1960களின் தொடக்கத்தில் ஓவியர் லக்கி சேனாநாயக்க முதலானோருடன் இணைந்து கொழும்பில் துணி வடிவமைப்பில் ஈடுபட்டார். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் முகப்பு மண்டபக் கூரையை இவரது பத்திக் துணிகளே அலங்கரித்தன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் துணி இறக்குமதி இறுக்கப்பட்டு, கூட்டுறவுக் கடையிலும் அரச நிறுவனமான சலுசலவிலும் கிடைத்ததையே மக்கள் உடுத்திய அக்காலத்தில், உள்நாட்டுக் கைவேலைத் துணிக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. 1966இல் சுற்றுலாச் சபை அமைக்கப்பட்டபின் வெளிநாட்டுப் பயணிகளும் அதனை வாங்குவோராயினர். பத்திக்கின் எழுச்சியைக் கலைஞரின் மேதைமையால் மட்டும் விளக்குவது போதாது. மூடிய சந்தையின் பங்கும் அதில் பெரிது.

1980களில் ஏனா டி சில்வா மாத்தளை மாவட்டத்திலுள்ள தம் பூர்விக ஊரான அலுவிகாரைக்குத் திரும்பி, சுற்றுவட்டாரப் பெண்களுக்குப் பத்திக், பூத்தையல் ஆகியவற்றில் தொழில் வழங்கும் பட்டறைகளை நடத்தினார். பத்திக் வேலையின் தன்மையை நோக்கினால் அதன் விலைக்கான காரணம் தெளிவாகும். வெள்ளைப் பருத்தித் துணியில் கோட்டுருவம் வரைந்து, வெண்மையாகவே நிற்கவேண்டிய இடங்களை உருக்கிய மெழுகால் மூடி, இளஞ்சாயத்தில் தோய்த்து உலர்த்துவர். அடுத்த நிறத்துக்காக மீண்டும் மெழுகிட்டு, மேலும் அடர்ந்த சாயத்தில் தோய்ப்பர். இறுதியில் கொதிநீரில் இட்டு மெழுகு முழுவதையும் நீக்குவர். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து உண்டாகும் நரம்பு போன்ற கோடுகள் எந்த இரு துணியிலும் ஒன்றாய் அமைவதில்லை.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் இறக்குமதித் துணிகள் மாத்தளை நகரின் திருகோணமலை வீதிப் புடவைக்கடைகளை நிறைத்தன. தீபாவளி முற்பணத்தைப் பெற்றுக்கொண்டு பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க நகரத்துக்கு வரும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இது உண்மையான நன்மையாகும். மலிவு ஆடையை இழிவாகப் பேசுவோர் இதனைக் கருத்திற்கொள்வதில்லை. அதேவேளை, ஆசிய நாடுகளின் ஆடை ஏற்றுமதிக்கு மேலை நாடுகள் 1974 முதல் விதித்திருந்த கோட்டா முறையும் இலங்கைக்கு வாய்ப்பாயிற்று. தத்தம் நாட்டின் கோட்டா தீர்ந்துபோன வெளிநாட்டு உற்பத்தியாளர்கள், கோட்டா மீதமிருந்த இலங்கையை நாடினர். 1992இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் இத்தொழிலைக் கொழும்பைச் சூழ்ந்த சுதந்திர வர்த்தக வலயங்களிலிருந்து கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. அதுவரை வயலோ தோட்டமோ தவிர வேறு கூலிவேலை அறியாத குடும்பங்களின் இளம் பெண்கள் 'காமன்ட்' வேலைக்குச் சென்றனர்.

அங்கே ஒரு சட்டை பல சிறு வேலைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒருத்தி கழுத்துப்பட்டியை மட்டும், மற்றொருத்தி கைமடிப்பை மட்டும் நாள் முழுவதும் தைப்பாள். மணிக்கு இத்தனை என்னும் 'டார்கெட்' எட்டப்படுகிறதா என மேற்பார்வையாளர் கணக்கெடுப்பார். பத்திக் பெண் தன் துணி முழுமையடைவதைக் காண்கிறாள். 'லைன்' எனப்படும் தையல் வரிசையில் இருப்பவளுக்கு அதுவும் இல்லை. ஏற்றுமதியில் எஞ்சியவையும் சிறு குறையால் கழிக்கப்பட்டவையும் பெயர்ச்சீட்டு வெட்டப்பட்டு நடைபாதைக் கடைகளுக்கு வந்து, வெளிநாட்டுக் கடைகளுக்கெனத் தைக்கப்பட்ட உடுப்பை உள்ளூரார் குறைந்த விலையில் வாங்க வழிசெய்தன.

2004 இறுதியில் கோட்டா முறை ஒழிந்தபின்னும், 2010 முதல் 2017 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை இடைநிறுத்தப்பட்டிருந்தபோதும் ஆடைத் தொழில் நாட்டில் நிலைத்தே நின்றது. பத்திக்கோ இயந்திர அச்சுப் போலிகளுடன் போட்டியிட நேர்ந்தது. மெழுகுப் பத்திக்கில் இரு பக்கமும் சாயம் ஒரே அடர்த்தியில் ஊறியிருக்கும். அச்சுத் துணியின் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். கண்டி–தம்புள்ளை வீதியில், வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கிடையே உள்ள பத்திக் கூடங்கள் இன்றும் சுற்றுலாப் பயணிகளையே பெரிதும் நம்பியுள்ளன. ஆகையால் 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களும் அதன்பின் வந்த பெருந்தொற்றும் அவற்றை நேரடியாகத் தாக்கின. 2020இல் பத்திக், கைத்தறி, உள்நாட்டு ஆடை உற்பத்திகளுக்கெனத் தனி இராஜாங்க அமைச்சு அமைக்கப்பட்டமை இக்கலைக்குக் கிடைத்த காலந்தாழ்ந்த ஏற்பு.

இவ்வரலாற்றில் வடிவமைப்பாளரின் பெயர் உரிய மதிப்புடன் நிற்கிறது. ஏற்றுமதி நிறுவனங்களின் பெயர்களும் நிற்கின்றன. மெழுகிட்டவர்களும் கழுத்துப்பட்டி தைத்தவர்களும் பெயரற்றவர்களாகவே உள்ளனர். அலுவிகாரைப் பட்டறைகளில் தொடக்கத்தில் பயின்ற பெண்களும் 1992இல் தொழிற்சாலைகளுக்குச் சென்ற முதல் தலைமுறையினரும் முதுமையை எய்திவரும் இந்நேரத்திலேயே, சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் அவர்களது வாய்மொழி வரலாற்றைப் பல்கலைக்கழகங்கள் பதிவுசெய்தல் வேண்டும்.