தத்மூரின் சிங்கம்

‘லாத்’ என்ற பெயரை அறியாத முஸ்லிம்கள் குறைவு. அல்குர்ஆனின் ‘அந்நஜ்ம்’ அத்தியாயம் 19ஆம் வசனத்தில் அப்பெயர் வருகிறது. தாயிப் நகரின் ஸகீப் கோத்திரத்தார் ஒரு சதுரப் பாறையை லாத் என வணங்கியதையும், அவர்கள் இஸ்லாத்தை ஏற்றபின் முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அதனைத் தகர்த்ததையும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இதே லாத்துக்குச் சிரியப் பாலைவனத்துத் தத்மூரிலும் ஒரு கோயில் இருந்தது. மேலைத்தேயத்தார் பல்மைரா என்றழைக்கும் நகரம் அது. ரோமாபுரியை எதிர்த்து நின்ற ஸெனோபியா அரசி தன் மகனுக்கு இட்ட பெயர் வஹ்பல்லாத், அதாவது லாத்தின் கொடை.

அக்கோயிலின் காவலாக நின்றது சுண்ணாம்புக் கல்லாலான ஒரு சிங்கம். கி.பி. முதலாம் நூற்றாண்டுக்குரியது, உயரம் 3.5 மீற்றர், நிறை 15 தொன். அதன் முன்னங்கால்களுக்கிடையே ஒரு மான். கொன்று தின்னும் மிருகம் இங்கே மானுக்கு அடைக்கலம் தருகிறது. இடது பாதத்தில் பல்மைரா எழுத்தில் ஒரு வாசகம்: இத்தலத்தில் இரத்தம் சிந்தாதவரை லாத் ஆசீர்வதிப்பாள் என்பது அதன் பொருள்.

4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயில் அழிந்தது. அதன் அத்திவாரத்தினுள் துண்டுகளாகக் கிடந்த சிங்கத்தை 1977இல் போலந்து ஆய்வாளர் மிகைல் கவ்லிகோவ்ஸ்கியின் குழுவினர் கண்டெடுத்தனர். பின்னர் அது நகரின் நூதனசாலை முன்றலில் நிறுத்தப்பட்டது.

2015 மே மாதம் ஐ.எஸ். இயக்கம் தத்மூரைக் கைப்பற்றியது. ஜூன் மாத இறுதியில் சிங்கம் உடைக்கப்பட்டது. ஓகஸ்ட் 18இல், நாற்பது ஆண்டுகள் அந்நகரின் தொல்பொருட்களைப் பராமரித்த காலித் அல்அஸ்அத் என்ற முதியவரின் தலை துண்டிக்கப்பட்டது. இரத்தம் சிந்தாதே என்ற கல்லை உடைத்தவர்கள் இரத்தத்தையும் சிந்தினர்.

இதனை இஸ்லாத்தின் பெயரால் செய்ததாக அவர்கள் கூறினர். வரலாறு என்ன சொல்கிறது? கி.பி. 634இல் காலித் இப்னு வலீதின் (ரழி) படை தத்மூரை அடைந்தது. நகரம் உடன்படிக்கை மூலம் பணிந்தது. அங்கிருந்த பேல் ஆலயத்தின் கருவறை 12ஆம் நூற்றாண்டில் பள்ளிவாசலாயிற்று. 1920களின் இறுதிவரை அங்கே தொழுகை நடைபெற்றது. பழைய சிற்பங்கள் செதுக்கிய கூரையின் கீழ் நின்றே பல தலைமுறை முஸ்லிம்கள் ஸுஜூது செய்தனர். அவர்களின் தவ்ஹீதுக்கு அக்கற்களால் ஊறு நேரவில்லை. 2015 ஓகஸ்டில் ஐ.எஸ். தகர்த்தது அந்த ஆலயத்தையும்தான்.

தாயிபின் பாறை, மக்கள் வழிபட்டுக்கொண்டிருந்த தெய்வம். தத்மூரின் சிங்கத்தையோ பல நூற்றாண்டுகளாக எவரும் வணங்கவில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது வரலாற்றையும் அறியாமை, மார்க்கத்தையும் அறியாமை.

சிதைந்த கற்கள் மீண்டும் பொருத்தப்பட்டு, 2017இல் சிங்கம் டமஸ்கஸ் தேசிய நூதனசாலையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. காலித் அல்அஸ்அதை மீட்க எந்தச் சிற்பியாலும் முடியாது.