அப்பன் வீடும் மாமன் வீடும்

குடும்பத் தலைவரின் சொல்லுக்கு ஒருவன் அடங்குவதோ மீறுவதோ அவன் குணத்தையும் படிப்பையும் பொறுத்தது என்று சொல்வது எளிது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் இருந்த மருமக்கள்வழி முறையைப் பார்த்தால் அந்த விளக்கம் போதாது என்பது தெரியும். நாஞ்சில் நாடு எனப்பட்ட தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் அன்று திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். குடும்பச் சொத்தை ஆண்டவர் காரணவர். அவருக்குப்பின் அது போனது மகனுக்கல்ல, உடன்பிறந்தாள் மகனுக்கு. நாயர்களின் கூட்டுக்குடும்பமான தறவாட்டிலும் இதுவே முறை. ஆனால் நாயர் பெண் பெரும்பாலும் பிறந்த தறவாட்டிலேயே இருந்தாள். பிள்ளைகளுக்கு வளர்ந்த வீடும் உரிமையுள்ள வீடும் ஒன்றாக இருந்தன. நாஞ்சில் வேளாளப் பெண் கணவன் வீட்டுக்கு வாழப்போனாள். அவள் பிள்ளை வளர்ந்தது அப்பன் வீட்டில். பாத்தியதையோ மாமன் வீட்டில். அதிகாரத்தைப் பற்றிய கசப்பெல்லாம் இந்த விலகலிலிருந்து முளைத்தது என்பதே என் கட்சி.

ஒரு காரணவரின் மகனையும் அவருடைய தங்கை மகனையும் கற்பனை செய்துகொள்வோம். மகன் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெற்சாகுபடிகளிலும் அப்பனோடு வயலுக்குப் போகிறான், களத்தில் காவல் கிடக்கிறான். பத்தாயத்தில் நெல் நிறைகிறது, அதில் ஒரு மரக்கால் கூடத் தன்னுடையது இல்லை என்பது விவரம் தெரியும் வயதிலேயே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் கண்ணில் அப்பன் அன்பான மனிதர், ஆனால் கை கட்டப்பட்டவர். தங்கை மகனோ வேறு ஊரில் தன் அப்பன் வீட்டில் வளர்கிறான். மாமன் வீட்டுக்குத் திருவிழாவுக்கு வந்துபோகிற விருந்தாளி. அவனுக்கு மாமன் ஒரு கணக்குப்பிள்ளை: அத்தைக்கு நகை எடுத்தால் அது தன் பங்கில் விழுந்த ஓட்டை, மகனைப் பள்ளிக்கூடம் அனுப்பினால் அதுவும் ஓட்டை. ஒரே மனிதர்தான். ஒருவன் கண்டது அதிகாரமில்லாத பாசத்தை; மற்றவனுக்கு அவர் பாசம் கலக்காத அதிகாரம். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பாடத்தைப் படித்திருந்தாலும் இந்தப் பார்வை மாறியிருக்காது.

அந்தக் காலத்தில் முறையைக் காக்க நினைப்பவர் எளிதாகச் சொல்லக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆணும் ஒரு வீட்டில் மகன், இன்னொரு வீட்டில் மருமகன். இங்கே இழந்ததை அங்கே பெறுகிறான், பிறகு என்ன அநியாயம்? ஏட்டுக் கணக்கில் இது சரி. ஆனால் எல்லா மாமன்மாரும் ஒரே அளவு நிலம் உள்ளவர்கள் அல்லர். அதைவிடப் பெரியது, உழைப்பு ஓரிடத்திலும் உரிமை வேறிடத்திலும் இருப்பது. மருமகன் வந்து கேட்பது தான் விதைக்காத வயலை. மகன் விட்டுப்போவது தான் உழுத வயலை. இதில் குறை இருப்பதை அந்த முறையே உணர்ந்திருந்தது. இல்லாவிட்டால் மனைவி மக்களுக்கென்று உகந்துடைமை என்ற பெயரில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கும் வழக்கம் எதற்கு?

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ நல்ல சாட்சியா என்றும் கேட்கலாம். அது அங்கதம், ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் வாயில் வைத்துச் சொல்லப்பட்டது, மிகைக்குக் குறைவில்லை. ஆனால் கேட்பவனுக்குத் தன் வீடு தெரிந்தால்தான் கேலி செல்லுபடியாகும். மாமியின் ஆட்சிக்கு ஒரு படலம், நீதிமன்றப் படியேறிக் குடும்பம் அழிந்ததற்கு ஒரு படலம் என்று கவிமணி பிரித்துக்கொண்டதே, அடி எங்கே விழுந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. அவரும் அந்தச் சமூகத்தில் பிறந்தவர்தான். வெளியாள் வைத்த குற்றச்சாட்டு என்று தள்ளவும் முடியாது.

ஆங்கிலப் படிப்புதான் எல்லாவற்றையும் கிளறிவிட்டது என்பாரும் உண்டு. படிப்பு ஒன்றைச் செய்தது, மறுக்கவில்லை: சம்பளம் என்ற, காரணவர் கை படாத காசைக் கொண்டுவந்தது, மனு எழுதக் கற்றுக்கொடுத்தது. ஆனால் அதே நாஞ்சில் நாட்டில் மக்கள்வழி வேளாளரும் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் படித்தார்கள். அப்பன் சொத்து பிள்ளைக்கு வர வேண்டும் என்று போராட அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை.

இந்த முறையைத் திருத்தத் திருவிதாங்கூர் அரசு நாயர்களுக்கு 1912-லும் 1925-லும் சட்டம் செய்தது. 1926-இல் வந்தது நாஞ்சில்நாடு வேளாளர் சட்டம். சொத்தைப் பிரித்துக்கொள்ளவும் மனைவி மக்கள் வாரிசாகவும் அது வழி திறந்தது. வளர்ந்த வீட்டிலேயே மகனுக்கு உரிமை வந்தது. வயலுக்குப் போனவனுக்கு வயல் கிடைத்தது. இதில் ஒருத்தி நட்டப்பட்டாள், அதைப் பற்றிப் பேச்சே குறைவு. பழைய முறையில் காரணவரின் தங்கைக்குக் கணவன் வீட்டில் எதுவும் இல்லாவிட்டாலும், பிறந்த வீட்டின் சொத்து அவள் வயிற்றுப் பிள்ளை வழியாகவே இறங்கியது. கைம்பெண்ணாகத் திரும்பி வந்தாலும் தலை நிமிர்ந்து வரலாம். மக்கள்வழி நிலைத்த பிறகு அந்த வீடு அவள் அண்ணன் மக்களின் வீடானது.