எலும்பில் பதிந்த பங்கீடு

ஒரு சமுதாயத்தின் பெருமையை அதன் மாளிகைகளிலும் மண்டபங்களிலும் தேடுவது வரலாற்றாசிரியர் பலரது வழக்கம். ஆனால், அங்கே யார் எதை உண்டனர், யார் யாருக்கு அளந்து கொடுத்தனர் என்ற வினாக்களே அதன் உள்ளமைப்பைப் புலப்படுத்த வல்லவை.

உரோம நிலக்கிழார் கேட்டோ, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய வேளாண்மை நூலில் அடிமைகளின் உணவுக்கு அளவு விதித்துள்ளார். விலங்கிடப்பட்ட அடிமைக்குக் குளிர்காலத்தில் 4 இறாத்தல் ரொட்டி; திராட்சைத் தோட்டம் கொத்தும் காலத்தில் 5 இறாத்தல்; அத்திப்பழம் பழுக்கத் தொடங்கியதும் மீண்டும் 4. தொட்டுக்கொள்ள, மரத்திலிருந்து தாமாக உதிர்ந்த ஒலிவக் காய்கள். இறைச்சிக்கு அப்பட்டியலில் இடமில்லை. உழைப்புச் சக்தி ஓய்ந்துவிடாதிருக்கத் தேவையானது எவ்வளவோ அவ்வளவே உணவு.

இஃது எசமானன் எழுதிய கணக்கு. உண்டவர் விட்டுச்சென்ற சான்று மண்ணுக்குள் இருக்கின்றது.

கி.பி. 79இல் வெசுவியசு எரிமலை வெடித்தபோது ஹேர்குலேனியம் என்னும் கடற்கரைப் பட்டினம் புதையுண்டது. அங்கே கடைகளும் மாடிக் குடியிருப்புகளும் கொண்ட ஒரு கட்டடத் தொகுதியின் கழிவு வாய்க்காலை ஆய்வாளர் அகழ்ந்தனர். அது செல்வர் மாளிகையின் கழிவன்று. சாதாரண நகர மக்களின் கழிவு. அதில் அத்தி, ஒலிவம், முட்டையோடு, கடல் முள்ளெலி ஆகியவற்றின் எச்சங்களும், 40க்கும் மேற்பட்ட மீனினங்களின் எலும்புகளும் கிடைத்தன. நகரத்து எளிய மக்களும் பலவகை உணவை உண்டனர் என்பது இதனாற் பெறப்பட்டது.

ஆயின் கழிவு வாய்க்கால் வீட்டுக்குள் வந்த உணவைக் காட்டுமேயன்றி, வீட்டுக்குள் நிகழ்ந்த பங்கீட்டைக் காட்டாது. அதைக் காட்டுவன எலும்புகளே. அப்பட்டினக் கடற்கரையிலும் படகு மண்டபங்களிலும் 300க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் கிடைத்துள்ளன. இடுகாடொன்றில் பல தலைமுறையினர் கலந்து கிடப்பர். இவர்களோ ஒரே வேளையில், ஒரே அழிவில் மாண்டவர்கள்.

இவர்களுள் 11 ஆண்கள், 6 பெண்கள் ஆகியோரின் எலும்புப் புரதத்திலுள்ள காபன், நைதரசன் சமதானிகளை அளந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. கடலுணவிலிருந்து ஆண்கள் பெற்ற புரதம், பெண்கள் பெற்றதைவிடச் சராசரியாக 50 சதவீதம் அதிகம். பெண்கள் நிலவிலங்கு உணவையும், உள்ளூர்க் காய்கனிகளையுமே கூடுதலாக உண்டனர்.

மீன்பிடித்தல் ஆண்களின் தொழிலாயிருந்திருக்கலாம். அடிமை ஆண்கள் பெண்களுக்கு முன்பே விடுதலை பெற்று, விலையுயர்ந்த மீனை வாங்கும் நிலையை எய்தியிருக்கலாம் என்பன ஆய்வாளர் கூறும் காரணங்கள். பதினேழு பேரைக் கொண்டு ஒரு பேரரசு முழுவதற்கும் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. எனினும், இரு காரணங்களும் ஓருண்மையைச் சுட்டுகின்றன: உணவின் பங்கீட்டைத் தீர்மானிப்பது பசியன்று, தொழிலும் உரிமையுமே.

வர்க்க வேறுபாட்டை ஆராய்வோர் ஆண்டானின் வாயிலோடு நின்றுவிடலாகாது. உழைப்பாளியின் அடுக்களைக்குள்ளும் நுழைதல் வேண்டும். 'மக்கள் நன்கு உண்டனர்' என்று பாடநூல் கூறுமாயின், 'எந்த மக்கள்?' என்று வினவ நம் மாணவருக்குக் கற்பிப்போமாக.