கனவில் வந்த பாட்டு



எங்கள் தோட்டப் பள்ளியில் படித்துச் சென்ற பையன் ஒருவன், தைப்பூசத்துக்குச் சில நாள்கள் முன்பு எங்களைத் தேடி வந்தான். அவன் தகப்பனார் பால் வெட்டியவர். இவன் ஈப்போவில் தொழிற்சாலை வேலை பார்க்கிறான். உறுமி மேளக் குழு ஒன்றிலும் இருக்கிறான். பேச்சுக்கிடையே தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஐயா, ஒரு மாத்திரை போட்டா மனசு திறந்துக்குமாம். பாட்டும் தாளமும் தானா வருமாம். உண்மைதானா?"

அவனை அதட்டி அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. கேட்டது நல்ல கேள்வி. அதன் விடையைத் தேடிப் போனால் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, கடைசியில் நம் பேராக் மலைக்கே திரும்பி வருகிறோம். அந்த வரலாற்றை இன்று சொல்கிறோம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சாண்டோஸ் மருந்து நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹாப்மன் என்ற வேதியியலார் பணி செய்தார். தானியக் கதிரில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சையை ஆராய்ந்து, 1938-ல் எல்.எஸ்.டி. என்னும் பொருளை உண்டாக்கினார். அது மனத்தை என்ன செய்யும் என்பதை 1943-ல்தான் தம் உடலிலேயே கண்டார். நிறங்கள் பொங்கின, பொருள்கள் உருமாறின, தமக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று அவர் அஞ்சவும் நேர்ந்தது. 1953-ல் ஆங்கில எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி, மெக்சிகோ நாட்டுக் கள்ளிச்செடியில் உள்ள மெஸ்கலினை உட்கொண்டு, அந்த அனுபவத்தை அடுத்த ஆண்டு நூலாக எழுதினார். 1960-களில் அமெரிக்க இளைஞர் பலர் இந்த வழியில் இறங்கினர். தன்னை அறியலாம், கலை பிறக்கும் என்று நம்பினர்.

இதே காலத்தில் அவர்களுக்கு இன்னொரு கதையும் கிடைத்தது. அந்தக் கதையின் களம் நம் மாநிலம்!

சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா வழியாக உள்ளே போனால், ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கும். அங்கே தெமியார் மக்கள் வாழ்கிறார்கள். தாப்பா, கோப்பெங் பக்கத்து மலைகளில் செமாய் மக்கள். இருவரையும் செனோய் என்ற பொதுப் பெயரில் அடக்குவதுண்டு. நம் தாத்தா பாட்டி காலத்தில் அவர்களைச் 'சக்காய்' என்றார்கள். அது இழிவுப் பெயர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.

1931-ல் பாட் நூன் என்ற ஆங்கிலேயர் தைப்பிங்கில் உள்ள பேராக் அருங்காட்சியகத்துக்கு ஆய்வாளராக வந்தார். தெமியார் மக்களோடு தங்கி, அவர்கள் மொழியைக் கற்றார். 1934-ல் அவருடன் கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் காட்டுக்குள் சென்றார். ஸ்டூவர்ட்டுக்கு மொழி தெரியாது; தங்கியதும் சில வாரங்களே. ஆயினும் 1951-ல் அவர் எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. அவர் சொன்னது என்ன? செனோய்க் குடும்பங்கள் நாள்தோறும் காலையில் கூடிப் பிள்ளைகளின் கனவுகளைக் கேட்டு ஆராய்வார்களாம். கனவில் புலி வந்தால் ஓடாதே, எதிர்த்து நில். கீழே விழுந்தால் அஞ்சாதே, விழுந்த இடத்தில் ஒரு பாட்டோ நடனமோ கண்டு கொண்டுவா என்று பழக்குவார்களாம். அதனால் இருநூறு முந்நூறு ஆண்டுகளாக அவர்களிடையே கொடுங்குற்றமும் மனநோயும் இல்லையாம்.

தன்னைத் தேடி அலைந்த இளைஞருக்கு இது தேனாக இனித்தது. கலிபோர்னியாவில் 1962-ல் தொடங்கிய எசலன் நிலையத்தில் 'செனோய் முறை' கனவுப் பயிற்சி நடந்தது. 1969-ல் சார்லஸ் டார்ட் தொகுத்த நூலொன்றில், மயக்கப் பொருள்கள் பற்றிய ஆய்வுகளோடு ஸ்டூவர்ட்டின் கட்டுரையும் இடம்பெற்றது.

ஆனால் இந்த மக்களிடையே நெடுநாள் வாழ்ந்து ஆராய்ந்தவர்கள் அந்தக் காலைப் பயிற்சியைக் காணவில்லை. செமாய் மக்களை ஆராய்ந்த ராபர்ட் டென்டன் காணவில்லை. 1985-ல் வில்லியம் டாம்ஹாப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எல்லாச் சான்றுகளையும் திரட்டி, ஸ்டூவர்ட்டின் கதைக்கு ஆதாரமில்லை என்று நூல் எழுதினார்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். குற்றமே அறியாத கனவு மக்கள் என்று அமெரிக்கா படித்த 1951-ல் இங்கே அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. பூர்வகுடி மக்கள் பலர் காட்டிலிருந்து முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டு, நோயாலும் ஏக்கத்தாலும் மாண்டனர். அதே ஆண்டுகளில்தான் நம் லயங்களையும் முள்வேலி சூழ்ந்தது. நாடெங்கும் அவசரகாலம் வரக் காரணமான 1948 ஜூன் 16-ஆம் நாள் கொலைகள் நடந்ததும் சுங்கை சிப்புட்டில்தான். கனவைப் பற்றிப் படித்தவர்கள், கனவு கண்டவர்களின் நிலையைக் கேட்கவில்லை.

அப்படியானால் தெமியாரின் கனவுப் பாட்டு பொய்யா? இல்லை, நேயர்களே. உண்மை கட்டுக்கதையைவிட அழகானது.

1980-களில் மரினா ரோஸ்மன் என்ற இசை ஆய்வாளர் கிளந்தான் பக்கத்துத் தெமியார் மக்களிடம் பாட்டுக் கேட்டு, 1991-ல் நூல் எழுதினார். தூக்கத்தில் ஒருவருடைய உயிர் உலாவப் போகிறது. அங்கே ஒரு மரமோ விலங்கோ ஆறோ மனித உருவில் வந்து ஒரு பாட்டைக் கொடுக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. விமானம் போன்ற புதிய பொருள்களிடமிருந்தும் பாட்டு வந்ததுண்டு. ஆனால் கனவோடு காரியம் முடியவில்லை. இரவில் வீட்டில் எல்லாரும் கூடுகிறார்கள். கனவு கண்டவர் ஓரடி பாடுகிறார். பெண்கள் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். நெட்டையும் குட்டையுமாக இரண்டு மூங்கில் குழாய்களைக் கையில் பிடித்து, கட்டைமேல் மாறி மாறிக் குத்தித் தாளம் தருகிறார்கள். நோயாளிக்கு அங்கேதான் வைத்தியம். ஆடுகிறவர்கள் தம்மை மறக்கிறார்கள். இதற்கு எந்த மாத்திரையும் வேண்டியிருக்கவில்லை. குரலும் தாளமும் சுற்றி நிற்கும் மக்களும் போதும்.

இது நமக்குப் புதிதா? ஈப்போ குனோங் சீரோ கல்லுமலைக் கோவிலுக்குத் தைப்பூசத்தன்று காவடி எடுப்பவரைப் பாருங்கள். விரதம், உறுமி, வேல் வேல் என்னும் குரல், கூடவே நடக்கும் சொந்தபந்தம். அதற்குள்தான் அருள் வருகிறது. அருள் இறங்கியதும் தாங்கிப் பிடிக்க நாலு கை காத்திருக்கிறது. மாத்திரை விழுங்கியவனைத் தாங்க யார் இருக்கிறார்கள்?

அந்தப் பையனுக்கு நாங்கள் ஒளிவுமறைவின்றிச் சொன்னோம். "தம்பி, அப்படிப்பட்ட மருந்து விசித்திரக் காட்சிகளைக் காட்டும் என்பது மெய். மனச்சோர்வுக்கு உதவுமா என்று சில நாட்டு மருத்துவர்கள் கண்காணிப்போடு சோதிக்கிறார்கள் என்பதும் மெய். ஆனால் சந்தில் விற்கிற மாத்திரையில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. நம் நாட்டில் அது குற்றம். கள்ளும் சம்சுவும் நம் லயங்களில் எத்தனை வீட்டை அழித்தன என்பதை நீயே கண்டிருக்கிறாய். காட்சி வரலாம், கை பழகாமல் தாளம் வராது."

சற்று நேரம் பேசாமல் இருந்தவன், "எங்க தாத்தா உடுக்கை அடிச்சுக் கதைப் பாட்டு பாடுவாராம். எனக்கு ஒண்ணும் தெரியாது ஐயா" என்றான். பாட்டிக்கு அதில் சில பாட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறதாம். இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அதைக் கேட்டதும் எங்களுக்கும் சுருக்கென்றது. 'நான் கண்ட கனவு' என்று எத்தனை முறை கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருக்கிறோம்! எழுத்துப்பிழையைத் திருத்தினோம், கனவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டோமா?

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. பாட்டுத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுப் பெரியவரிடம் ஒரு பாட்டுக் கேளுங்கள். அவர் ஓரடி பாடினால் நீங்கள் அடுத்த அடியைச் சேர்ந்து பாடுங்கள். பிள்ளை கனவு சொன்னால் காது கொடுங்கள்.

பையன் போகும்போது, "ஞாயிற்றுக்கிழமை பாட்டி வீட்டுக்குப் போறேன் ஐயா" என்றான். உறுமியையும் எடுத்துப் போகச் சொன்னோம்.