ஆங்கிலப் பெயரடை அடுக்கு

ஆங்கிலத்தில் ஒரே பெயர்ச்சொல்லின் முன் இரண்டோ அதற்கு மேலோ பெயரடைகள் தொடர்ந்து வருவது பெயரடை அடுக்கு. எழுத்தில் அதன் பொருளைக் காப்பவை மூன்று: வரிசை, காற்புள்ளி, இணைகோடு. திருகோணமலைத் துறைமுகம் பற்றிய ஆங்கில வருணனைகளில் மூன்றுக்கும் தெளிவான சான்றுகள் கிடைக்கின்றன.

வரிசை

மதிப்பீடு, அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், செய்பொருள், பயன் என்பதே வழமையான ஒழுங்கு. மார்க் போர்சித் 2013இல் வெளியிட்ட 'த எலிமெண்ட்ஸ் ஒவ் எலக்குவன்ஸ்' நூலால் இது பரவலாக அறியப்பட்டது. பார்ப்பவரின் கருத்து பெயர்ச்சொல்லுக்குத் தொலைவிலும், பொருளின் உள்ளியல்பு அதற்கு அருகிலும் நிற்கும். திருகோணமலையின் சீனக்குடாவில் பிரித்தானியர் தமது கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்களில் ஒன்றை 'ஹியூஜ் ஓல்ட் ஸ்டீல் ஒயில் டாங்க்' என்று எழுதுவர். அளவு, வயது, செய்பொருள், பயன் என அது நடக்கிறது. தமிழில் 'பெரிய பழைய குதம்', 'பழைய பெரிய குதம்' இரண்டும் செல்லும். ஆங்கிலத்தில் முதலாவதே இயல்பு. 'உருக்கு', 'எண்ணெய்' ஆகிய சொற்களோ தமிழிலும் குதத்தை ஒட்டியே நிற்கின்றன. எனவே தமிழ் மாணவர் புதிதாகப் பழக வேண்டியது அடுக்கின் முன்பாதி மட்டுமே.

காற்புள்ளி

'காம், ஷெல்டர்ட் ஹாபர்' என்பதில் அமைதியும் காற்றுமறைவும் சமநிலைப் பண்புகள். இடம் மாற்றினாலும், நடுவே 'அண்ட்' சேர்த்தாலும் பொருள் கெடாது. ஆகவே காற்புள்ளி வரும். 'டீப் நெச்சரல் ஹாபர்' அப்படியன்று. இயற்கைத் துறைமுகம் என்பது ஒரு வகை. 'டீப்' அந்த வகைப்பெயர் முழுவதையும் தழுவுகிறது. இங்கே காற்புள்ளி பிழை. கடைசிப் பெயரடைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் இடையே அது ஒருபோதும் வராது.

இணைகோடு

இரு சொற்கள் சேர்ந்து ஒரே அடையாகும்போது இணைகோடு அவற்றைக் கட்டுகிறது: 'டீப்-வோட்டர் ஹாபர்'. இடம் தவறினால் பொருளே மாறும். 'ஓல்ட் ஒயில் டாங்க்' பழைய குதம். 'ஓல்ட்-ஒயில் டாங்க்' பழைய எண்ணெய் சேமிக்கும் குதம். 'லி' ஈற்று வினையடைக்குப் பின் இணைகோடு தேவையில்லை: 'நெச்சரலி ஷெல்டர்ட் ஹாபர்'.

அளவு

இலக்கணம் எத்தனை பெயரடைகளையும் அனுமதிக்கும். வாசகர் மூன்றுக்கு மேல் எளிதில் சுமப்பதில்லை. மிகுந்தவற்றைத் தனி வாக்கியமாக்குவதே நல்ல உரைநடை.