சமவெளியில் ஒரு சரிவு

சோழவரம் என்றால் சென்னைவாசிகளுக்கு ஏரிதான் ஞாபகம் வரும். கோடை பிறந்ததும், "சோழவரத்தில் எத்தனை அடி தண்ணீர்?" என்று கவலைப்படுகிறவர்கள் அல்லவா நாம்! ஆனால் ஒரு காலத்தில் அந்த ஊரின் பெயரைச் சொன்னால், பிள்ளைகள் வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டுக் காட்டுவார்கள்.

செங்குன்றத்தைத் தாண்டி, கல்கத்தா செல்லும் சாலைப் பக்கத்தில், இரண்டாவது உலக யுத்த காலத்து விமான ஓடுபாதை ஒன்று அங்கே இருந்தது. யுத்தம் முடிந்தது, விமானங்கள் போயின, ஓடுபாதை மட்டும் வெயிலில் காய்ந்து கிடந்தது. 1953-ல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அதன்மேல் கார்ப் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடத்தலானார்கள். யுத்தத்துக்கென்று போட்ட தரை விளையாட்டுக்குப் பயன்பட்டது. சரித்திரத்தில் இது அபூர்வம். பெரும்பாலும் விளையாட்டு மைதானத்தில்தான் யுத்தம் வந்து இறங்கும்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா என்னை அங்கே அழைத்துப் போனார். கையில் புளியோதரைப் பொட்டலம். தலைக்குமேல் வெயில். எங்களுக்கு முன்னால் ஒரு கார் சீறிக்கொண்டு போயிற்று. "அப்பா, அந்தக் கார் என்ன விலை இருக்கும்?" என்றேன். குமாஸ்தாவாக இருந்த அப்பா சிரித்தார். "நம் வீட்டை விற்றாலும் அதில் ஒரு சக்கரம் வராதடா!" என்றார்.

அந்தப் பதிலில் ஒரு பெரிய உண்மை இருந்தது என்பது வெகு காலத்துக்குப் பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

சோழவரத்தில் பந்தயம் தொடங்கிய அதே காலத்தில், இத்தாலியில் ஸெனோ கோலோ என்றொரு வீரர் இருந்தார். இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு பனிமலையின் உச்சியிலிருந்து பாய்வது அவர் வித்தை. 1947-ல் மணிக்கு 159 கிலோமீட்டர் வேகம் போய் உலகத்தைத் திகைக்க வைத்தார். 1952-ல் ஆஸ்லோ ஒலிம்பிக்கில் சரிவுப் பந்தயத்துத் தங்கப் பதக்கம் அவருக்கே. அவருக்கு வேகத்தைக் கொடுத்தது எது? மலை! மலை யாரிடமும் காசு கேட்பதில்லை.

சோழவரமோ உள்ளங்கையைப் போல் தட்டையான பூமி. அங்கே வேகம் வேண்டுமானால் எஞ்சின் வேண்டும். எஞ்சினுக்குப் பணம் வேண்டும். ஆகவே கோண்டல் சமஸ்தானத்து இளவரசர் போன்றவர்கள் சீமையில் செய்த பந்தயக் கார்களோடு வந்தார்கள். மற்றவர்கள் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப் போட்டு, முடுக்கிவிட்டு, தைரியத்தையே பெட்ரோலாக ஊற்றி ஓட்டினார்கள். சாமர்த்தியம் எவ்வளவு இருந்தாலும் பணத்தை முந்துவது கடினமாகத்தான் இருந்தது.

இந்த நிலைமையை மாற்றத் துணிந்தவர் கோயம்புத்தூர் கரிவர்தன். 1954-ல் ஜவுளி ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். சோழவரத்தில் கார் ஓட்டிப் பெயர் வாங்கியவர். பணம் உள்ளவர் இன்னொரு சீமைக் காரை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. நம் தெருக்களில் ஓடிய மாருதி 800 காரின் சின்னஞ்சிறு எஞ்சினை எடுத்தார். மூன்றே சிலிண்டர். அதை ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பூட்டி, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை உருவாக்கினார். 1988-ல் அது பிறந்தது. எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின். ஆகவே ஜயிப்பது பணப்பை அல்ல, கையும் காலும் கண்ணும்தான்!

சமவெளியில் அவர் ஒரு சரிவை உண்டாக்கினார் என்று சொன்னால் தவறில்லை.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் அமைந்தது. சோழவரத்தில் சத்தம் ஓய்ந்தது. 1995 ஆகஸ்டில் கரிவர்தன் விமான விபத்தில் மாண்டார். வயது நாற்பத்தொன்று.

அவர் வகுத்த அந்த மாருதிப் பந்தயத்தில்தான் நாராயண் கார்த்திகேயன் என்ற கோவைப் பையன் முதன்முதலில் போட்டியிட்டான். 2005-ல் அவரே ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நாலாவதாக வந்தார். ஓடியவை ஆறே கார்கள்தாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் டயர்த் தகராறில் விலகிவிட்டார்கள்.

கரிவர்தன் திறந்த கதவு ஏழைக்கும் திறந்ததா? இல்லை. குமாஸ்தா வீட்டுப் பிள்ளைக்கு அது இன்றும் எட்டாத கதவுதான். ஆனால் அரண்மனை வாசலில் இருந்த கதவை அவர் கடைத்தெரு வரைக்கும் கொண்டுவந்து வைத்தார். மிச்ச தூரத்தைக் கடக்க இன்னொருவர் பிறந்து வர வேண்டும்.

அப்பா இன்று இருந்தால் கேட்பேன்: "இப்போது நம் வீட்டுக்கு எத்தனை சக்கரம் வரும், அப்பா?"