குண்டர்: ஆட்பெயர் ஆணைப்பெயரான வரலாறு

சட்டம் மீறிய முரட்டு நடத்தையரைச் சுட்டத் தமிழ் ஏற்றுக்கொண்ட ரவுடி, போக்கிரி, கேடி முதலிய சொற்களுள் குண்டர் என்பதன் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. தேவாரத்தில் சமணரைப் பழிக்கக் குண்டர் என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. ஆயினும் இன்றைய வழக்கு அதன் வழிவந்ததன்று. இந்தியின் 'குண்டா' பலர்பால் விகுதி ஏற்ற வடிவமே இது. செவிக்குப் பழகிய ஒலியாதலின் அயன்மை தோன்றாது நிலைத்தது எனலாம்.

கல்கத்தாவிலிருந்து குண்டர்களை வெளியேற்ற வங்காளத்தில் 1923இல் இச்சொல்லைப் பெயரிலேயே தாங்கிய சட்டம் வந்தது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டமோ விசாரணையின்றி 12 மாதம் வரை காவலில் வைக்க இடமளிக்கிறது. அதில் கள்ளச்சாராயம் விற்போர் வேறு, போதைப்பொருள் குற்றவாளிகள் வேறு, குண்டர் வேறு. உடலுக்கும் உடைமைக்கும் எதிரான குற்றங்களையும் மிரட்டலையும் வழக்கமாகச் செய்வோரே அங்குக் குண்டர். மக்கள் வழக்கு இவ்வரையறையைப் பொருட்படுத்தவில்லை. சட்டம் முழுவதும் 'குண்டர் சட்டம்' ஆயிற்று. அதுவும் 'குண்டாஸ்' எனச் சுருங்கிற்று. ஆங்கிலப் பன்மை விகுதி ஒட்டியிருந்தும் இவ்வடிவம் பன்மை உணர்த்துவதில்லை, ஆளையும் குறிப்பதில்லை. 'குண்டாஸ் போட்டார்கள்', 'குண்டாஸ் உடைந்தது' என்னும் தொடர்களில் அது தடுப்புக்காவல் ஆணையின் பெயர். அந்தமானின் ரங்கத்தில் பொதுமொழியாய் வழங்கும் இந்தியிலோ குண்டா இன்னும் ஆளாகவே நிற்கிறான்.

இதனை வெறும் பொருள்மாற்றம் எனக் கடத்தல் தகாது. 2004இல் திருட்டு வீடியோ தயாரிப்போரும், 2014இல் இணையக் குற்றம் புரிவோரும் இச்சட்டத்துள் சேர்க்கப்பட்டனர். சட்டம் இவர்களைக் குண்டர் எனவில்லை. ஊர் வழக்கு என்கிறது. நீதிமன்றம் ஆணையை நீக்கி விடுவித்தவரும் 'குண்டாசில் போனவர்' என்றே சுட்டப்படுகிறார்.